தமிழில் அழுகிறாள்

போன மாதம் என் மகள் அவளுடைய போனைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "அம்மா, உங்க பழைய நாடகத்த இன்டர்நெட்ல போட்டிருக்காங்க. கீழ எழுத்தெல்லாம் ஓடுது, பாருங்க" என்றாள்.

பார்த்தேன். சிங்கள டெலிநாடகம். கதாநாயகன் பேசினால் கீழே சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வரி ஓடுகிறது. கதாநாயகி பெருமூச்சு விட்டால் அதையும் எழுதியிருக்கிறார்கள். பதினேழாவது பாகத்தில் நான் வருகிறேன். முதுகு மட்டும்தான். இடிந்து விழுந்த ஒரு லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசைவீட்டுக்கு, முன்னால் மண்டியிட்டு முப்பத்தெட்டு விநாடி ஒப்பாரி வைக்கிறேன். அந்த முப்பத்தெட்டு விநாடியும் கீழே ஒரே வரிதான் அசையாமல் நிற்கிறது: "தமிழில் அழுகிறாள்."

மழை பெய்கிறது, நாய் குரைக்கிறது என்பதுபோல, கிழவி தமிழில் அழுகிறாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நடிப்பு வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் ஒரு வருடமாக என்னிடம் அனுபவக் கட்டுரை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். "இனிமையான நினைவுகளா எழுதிக் குடுங்க அன்ட்டி. கிளிசரின் இல்லாம எப்பிடி அழுவீங்கன்னும் எழுதுங்க" என்று சொல்லியிருந்தார்கள். இதோ எழுதுகிறேன். இனிமையை வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து கண்டி டவுனில் வளர்ந்தவள். அப்பா டவுனில் ஒரு பண்டகசாலையில் வேலைக்கு வந்தபோது எனக்கு நாலு வயது. பள்ளிக்கூடம் முடிந்ததும் ஒரு வக்கீல் கந்தோரில் டைப்பிஸ்ட் ஆனேன். சத்தியக் கடுதாசிகளாக அடித்துத்தான் என் சிங்களம் திருந்தியது. ஒரு பெரிய வெள்ளி, கோவில் மைதானத்தில் நடந்த திருப்பாடுகள் நாடகத்தில் மாதாவாக நின்று சிலுவையடியில் அழுதேன். கூட்டத்தில் ஒரு சிங்கள உதவி டிரெக்டர் இருந்திருக்கிறார். மறுவாரம் ஆள் வந்தது. முதல் வேடம், தோட்டத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய். இரண்டாவது வேடமும் அதுதான். அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருடம், பெரிதாக ஒன்றும் மாறவில்லை. புருஷன், மகன், பேரன், எசமான், ஒரு தடவை எசமானின் குதிரை. எல்லாவற்றுக்கும் நான் அழுதிருக்கிறேன்.

வேடம் போடும் முறையைச் சொல்கிறேன். நான் கறுப்பு. அது அவர்களுக்குப் போதாது. மேக்கப்காரர் கன்னத்தில் இன்னும் இரண்டு பூச்சு ஏற்றுவார். தலையில் எண்ணெயைக் கொட்டிப் படிய வாருவார். ஒட்டு மூக்குத்தி. எட்டணாக் காசளவு பொட்டு. கழுத்தில் கிடக்கும் என் குருசைக் கழற்றி ஒரு கடுதாசியில் சுற்றிக் கையில் தருவார். வசனம் சிங்களத்தில் இருந்தால் அதை ஒழுங்காகப் பேசக் கூடாது. "இவ்வளவு நல்ல சிங்களம் வேண்டாம் அக்கே, கொஞ்சம் உடைத்துப் பேசுங்கள், சனங்கள் சிரிக்க வேண்டும்" என்பார்கள். வக்கீல் கந்தோரில் கமா பிசகாமல் அடித்த பாஷையை, அடுத்த நாள் கேமராவுக்கு முன்னால் நான் கொன்று காட்ட வேண்டும்.

தமிழ் வசனத்துக்கு எழுத்தே கிடையாது. ஸ்கிரிப்டில் அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருக்கும். "இந்த இடத்தில் தமிழில் எதையாவது சொல்லி அழுங்கள்." எதையாவது! இருபத்தெட்டு வருடத்தில் ஒருத்தர்கூட, நான் என்ன சொன்னேன் என்று திருப்பிக் கேட்டதில்லை. ஒரு தடவை பசியோடு நின்றபோது, மத்தியானம் சாப்பாட்டுக்கு என்ன கறி வரும் என்று ராகம் போட்டு அழுதேன். அருமை என்று கைதட்டினார்கள்.

அந்தப் பதினேழாம் பாகத்தின் டிரெக்டர் பெரிய பெயர் உள்ளவர். பெயரை எழுத மாட்டேன். அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. மற்ற டிரெக்டர்கள் தூசணத்தில் திட்டும்போது, இவர் பக்கத்தில் வந்து காதுக்குள் பேசுவதுபோலப் பேசுவார். என்னை "நங்கி" என்பார், தங்கச்சி என்று அர்த்தம். வெள்ளைச் சாரமும் முழுக்கைச் சட்டையும்தான் உடுப்பு. வெறும் தேத்தண்ணியைக் கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பார். ஷொட் சரியாக வந்தால் ஓக்கே என்று சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். அதைப் பார்த்துத்தான் கேமராக்காரர் கேமராவை நிறுத்துவார். கழற்றும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் கண்ணாடி கழன்றுவிட்டால் எங்களுக்கு உயிர் வந்ததுபோல. மிரட்டுகிறவனை எதிர்த்துப் பேசலாம். இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவரிடம் எப்படி எதிர்த்துப் பேசுவது என்று நாங்கள் எல்லோரும் அடங்கிக் கிடந்தோம். அந்த மரியாதைதான் அவருடைய பிரம்பு என்பது எனக்கு வெகு பிந்தித்தான் விளங்கியது.

என்னோடு நடித்தவர் செல்லமுத்து அண்ணன். ஹந்தானைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். திருவிழாவில் காமன்கூத்து ஆடின உடம்பு. அறுபது வயதிலும் நிமிர்ந்து நிற்பார். பதினொரு நாடகத்தில் எனக்குப் புருஷனாக வந்திருக்கிறார். அதில் ஒன்பதில் செத்திருக்கிறார். தினசரி அட்டவணையில் அவர் பெயர் இருக்காது, "தோட்டத்துக் கிழவர்" என்றுதான் இருக்கும். டிரெக்டர் அவரை "மாமே" என்று கூப்பிடுவார். அவருடைய பெயர் என்னவென்று டிரெக்டருக்குத் தெரியாது. இதை நான் கோபத்தில் கூட்டிச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரியாது.

அன்றைக்குக் காட்சி இது: தோட்டத்தை வாங்கிய முதலாளியின் ஆட்கள் பழைய லயத்தை இடிக்க வருகிறார்கள். கிழவர் வெளியே வர மறுத்து உள்ளே குந்தியிருக்கிறார். கடைசியில் எழுந்து வெளியே வர, அவருக்குப் பின்னால் கூரை விழுகிறது. கிழவர் தப்பிவிடுகிறார். ஸ்கிரிப்டில் அப்படித்தான் இருந்தது. அவருக்கு இன்னும் மூன்று பாகம் இருந்தது.

ஆளில்லாத ஒரு லயக்காம்பராவை அதற்குப் பிடித்திருந்தார்கள். காலை ஏழரைக்கு நாங்கள் அங்கே நின்றோம். பனி இன்னும் விலகவில்லை. அண்ணன் உள்ளே போய் அண்ணாந்து பார்த்தார். மடியிலிருந்த வெற்றிலைக் கத்தியை எடுத்து உத்தரத்தில் குத்தினார். கத்தி பிடிவரை இறங்கியது. வெளியே வந்து என்னிடம் சொன்னார்:

"ஸ்டெல்லா புள்ள, முழுக்க கறையான் தின்னுருக்கு. முன் உத்தரத்த இழுத்தா பின்னால உள்ளதும் சேந்து வந்துரும். ஒண்ணொண்ணா வராது."

"சேர்கிட்ட சொல்லுங்கண்ணே."

இரண்டு பேருமாகப் போனோம். அவர் சிங்களத்தில் சொன்னார். ஸ்டோரில் முப்பது வருடம் பேசிய சிங்களம், நல்லாகவே பேசுவார். நானும் சொன்னேன். டிரெக்டர் கருப்பட்டியைக் கடித்தபடி முழுவதையும் கேட்டார். பிறகு அண்ணனின் தோளில் கை வைத்து, "பயப்பட வேண்டாம் மாமே, நான் இருக்கிறேன்தானே" என்றார். அவ்வளவுதான்.

ஏற்பாட்டைச் சரியாகச் சொல்லியே ஆகவேண்டும். முன் உத்தரத்தில் கயிறு கட்டி, பக்கவாட்டில் நாலு பேர் பிடித்திருந்தார்கள். அண்ணன் வாசற்படிக்கு உள்ளே குந்தியிருப்பார். டிரெக்டர் வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டினால் அவர் எழுந்து, ஐந்து எட்டு வைத்து, செங்கல் துண்டு அடையாளம் வைத்த இடத்துக்கு வந்து நிற்க வேண்டும். அவர் வந்து நின்ற பிறகு டிரெக்டர் கையைத் தூக்குவார். அந்தக் கையைப் பார்த்து நாலு பேரும் கயிற்றை இழுப்பார்கள். கைக்குட்டை அண்ணனுக்கு, கை கயிற்றுக்கு. மூன்று தடவை ஒத்திகை பார்த்தோம், ஒரு பிசகும் இல்லை.

பனி விலகி வெளிச்சம் வந்தது. டிரெக்டர் கேமராவுக்குள் பார்த்தார். அண்ணனிடம் நடந்து வந்து, அதே மெதுவான குரலில் சொன்னார்: "மாமே, கைக்குட்டை வேண்டாம். நான் கையைத் தூக்கும்போது எழும்புங்கள். கொஞ்சம் பிந்தி எழும்பினால் உங்கள் முகமும் கூரையும் ஒரே ஷொட்டில் வரும்."

கயிற்றைப் பிடித்திருந்த நாலு பேரிடம் யாரும் போய் இதைச் சொல்லவில்லை.

ஒரே கை. அதைப் பார்த்து அண்ணன் எழும்பத் தொடங்கினார், அதைப் பார்த்தே அவர்கள் இழுத்தார்கள். அண்ணன் சொன்ன மாதிரியே இரண்டு உத்தரமும் சேர்ந்து வந்தன. தகரமும் மரமும் மண்ணும் அவர்மேல் விழுந்தன. நான் ஓடிப்போய் மண்டியிட்டு, "நவத்தன்ன! நவத்தன்ன! ஆள் உள்ளே!" என்று சிங்களத்தில் கத்தினேன். நிறுத்துங்கள் என்று அர்த்தம். அந்த இடத்தில் நின்ற எல்லோருக்கும் தாய்பாஷை அது. ஒருவரும் அசையவில்லை. நான் நடிக்கிறேன் என்று நினைத்தார்களாம். முதல் ஐந்து விநாடி நினைத்திருக்கலாம். முப்பத்தெட்டு விநாடியும் நினைத்திருக்க முடியாது. திரும்பி டிரெக்டரைப் பார்த்தேன். அவர் அப்போதுதான் கண்ணாடியைக் கழற்றினார். கேமரா நின்றது. அதற்குப் பிறகுதான் ஆட்கள் ஓடிவந்து தகரத்தைத் தூக்கினார்கள்.

பதறிப்போய்க் கழற்றினாரா, ஷொட் சரி என்று கழற்றினாரா? இதை அவரிடம் நான் கேட்கவில்லை. இத்தனை வருடமாக என்னிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அண்ணனை வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிர் தப்பியது. இடுப்பும் தொடை எலும்பும் நொறுங்கிவிட்டன. இரண்டு தடவை வெட்டித் தைத்தார்கள். அதற்குப் பிறகு கைத்தடி இல்லாமல் அவர் ஒரு எட்டும் வைக்கவில்லை.

மூன்றாம் நாள் தயாரிப்பு மேனேஜர் ஒரு கடுதாசியோடு வந்தார். வேனின் பொனெட்டில் வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். சிங்களத்தில் டைப் அடித்த வாக்குமூலம். நான் வாசித்தேன். அப்படியான கடுதாசிகளை ஆயிரக்கணக்கில் அடித்தவள் நான், வாசிக்காமல் கையெழுத்து வைக்கிற ஆள் இல்லை. "மேற்படி நபர் அன்று காலை மது அருந்தியிருந்தார். மது வாடை வீசியது. சொல்லப்பட்ட சமிக்ஞைக்குக் காத்திராமல் தன்னிச்சையாக எழுந்தார்." இதுதான் சாரம். அண்ணன் சம்பளநாளில் குடிப்பார், இல்லையென்று சொல்ல மாட்டேன். அன்று காலை அவர் குடித்தது என் போத்தலிலிருந்து நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணி.

"எல்லோரும் வைத்துவிட்டார்கள் அக்கே" என்றார் மேனேஜர். பிறகு, "சேர் அடுத்த நாடகத்தில் உங்களுக்கு ஒரு ஆஸ்பத்திரி மேட்ரன் பாத்திரம் வைத்திருக்கிறார். நல்ல சிங்களம் பேசுகிற மேட்ரன். பெயரெல்லாம் இருக்கிறது" என்றார்.

பெயருள்ள பாத்திரம். பொட்டும் ஒட்டு மூக்குத்தியும் இல்லாத பாத்திரம். அழத் தேவையில்லாத பாத்திரம். ஐம்பது வயதில் முதன்முறையாக.

கையெழுத்து வைத்தேன்.

இதைப் படிக்கிறவர்கள் என்னைத் திட்டுங்கள். நான் அந்த டிரெக்டரைத் திட்டுவதைவிட அதிகம் என்னையே திட்டியிருக்கிறேன். அதற்குப் பிறகு மூன்று தடவை தோடம்பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணனின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தோல் உரித்துக் கொடுத்தேன். கையெழுத்து வைத்ததை மட்டும் சொல்லவில்லை.

ஆறு வாரம் கழித்து டப்பிங்குக்குக் கூப்பிட்டார்கள். குண்டசாலையில் ஒரு வீட்டு மாடி, சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய அறை. வளையலைக் கழற்றச் சொல்வார்கள், சத்தம் வரும். காதில் ஹெட்போன். திரையில் படம் ஓடும். மூன்று "பீப்" கேட்கும், நாலாவது இடத்தில் தொடங்க வேண்டும். கிளிசரின் பற்றிக் கேட்ட பிள்ளைகளுக்கு: கண்ணீர் டப்பிங்கில் செல்லாது. அழுகை வயிற்றில் இருக்கிறது. கை இரண்டையும் தொப்புளுக்குக் கீழே அழுத்திப் பிடித்து, மூச்சை முழுவதும் விட்டுவிட்டு, வெறும் நெஞ்சோடு தொடங்கினால் குரல் தானாக உடையும். இவ்வளவுதான் என் வித்தை.

படம் ஓடியது. அப்போதுதான் பார்த்தேன், அந்த ஷொட்டையே வைத்திருக்கிறார்கள். அண்ணன் எழும்புகிறார், கூரை விழுகிறது, என் முதுகு ஓடிவருகிறது. கதையை மாற்றிவிட்டார்களாம். இப்போது கிழவர் சாகிறார். "அவ்வளவு உண்மையாக வந்த ஷொட்டை எறிய மனம் வரவில்லை நங்கி" என்றார் டிரெக்டர். "உங்களுடைய அன்றைய சத்தம் சரிவராது, சிங்களத்தில் இருக்கிறது. முதுகுதானே தெரிகிறது, வாய் தெரியாது. தமிழில் எதையாவது சொல்லி அழுங்கள்."

நிறுத்துங்கள் என்று நான் கத்தியதை அழித்துவிட்டு, அதே இடத்தில் என்னையே அழச் சொல்கிறார்கள். மூன்று பீப் கேட்டது. கையை வயிற்றில் அழுத்தினேன்.

*ஐயோ என் செல்லமுத்து அண்ணே,*
*உத்தரம் உளுத்துப் போச்சுன்னு காலையிலயே சொன்னீங்களே,*
*கருப்பட்டி கடிச்ச வாயி கேட்டுக்கிட்டே நின்னுச்சே,*
*ஒத்தக் கைய தூக்கி உங்கள எந்திரின்னாங்களே,*
*அதே கைய பாத்துக் கவுத்த இழுத்தாங்களே,*
*உசுரு உள்ள கெடக்க, வெளிய படம் புடிச்சாங்களே,*
*தேத்தண்ணி குடிச்ச வாயில சாராயத்த எழுதுனாங்களே,*
*அந்தக் காயிதத்துல நானும் கையெழுத்து வச்சேனே,*
*பாவி நானும் வச்சேனே.*

டிரெக்டர் என்றோ கேமரா என்றோ ஒரு ஆங்கிலச் சொல் வராமல் பார்த்துக்கொண்டேன். வந்திருந்தால் பிடிபட்டிருப்பேன். செல்லமுத்து என்ற பெயரைத் தெளிவாகச் சொன்னேன். அது யாருடைய பெயர் என்று அந்த அறையில் ஒருத்தருக்கும் தெரியாது.

சத்தம் பதிகிற தம்பி ஹெட்போனைக் கழற்றி, "அக்கே, என்ன சொன்னீர்கள்? மயிர் கூச்செறிகிறது" என்றான்.

"அழுதேன்" என்றேன்.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப்பக்கம் டிரெக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

நாடகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஓடியது. திங்கள் காலை முதல் போன் திகனையிலிருந்து வந்தது. ரஸீன் ஹாஜியார், நான் துணி எடுக்கிற கடைக்காரர்.

"தங்கச்சி, நேத்து நீங்க ஒப்பாரி வெச்சது நாடகமா, மெய்யா?"

போனை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"மெய்யின்டா சொல்லுங்க. மறுக்கா காட்டக்குள்ள நான் பதிஞ்சி வெச்சிக்கொள்றேன். நாளைக்கி அதுலயும் அந்தத் துண்ட வெட்டிப்போடுவாங்க."

"மெய்தான் ஹாஜியார்" என்றேன். வெள்ளிக்கிழமை மறுஒளிபரப்பை அவர் பதிந்து வைத்தார். அவர் சொன்ன மாதிரியே பிறகு அந்தப் பாகத்தில் என் குரலை எடுத்துவிட்டு வெறும் புல்லாங்குழலைப் போட்டார்கள். இப்போது இணையத்தில் ஏற்றியவர்களுக்கு எப்படியோ பழைய பிரதிதான் கிடைத்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை அண்ணனின் மகள் வசந்தி கூப்பிட்டாள். பல்லேகலையில் கார்மென்ட்ஸில் வேலை செய்கிறவள். "அன்ட்டி, அப்பா உங்கள வரச் சொன்னாரு" என்றாள். குரலில் ஒன்றும் தெரியவில்லை.

லயத்து வீட்டில் அண்ணன் கட்டிலில் தலையணையில் சாய்ந்து கிடந்தார். நான் கதிரையில் உட்காரும் முன்னமே தொடங்கினார்.

"ஏன் புள்ள, உசுரோட கெடக்குறவனுக்கு ஒப்பாரி வச்சிட்டியே. நேத்திலருந்து லயத்துல உள்ளவங்க ஒவ்வொருத்தரா எட்டிப் பாத்துட்டுப் போறாங்க, நான் மூச்சு விடுறேனான்னு."

சிரிக்கிறாரா என்று பார்த்தேன். இல்லை.

"கையெழுத்து வச்சியா?"

"வச்சேண்ணே."

"வாசிச்சுப் பாத்தா வச்ச?"

"வாசிச்சுப் பாத்துத்தான் வச்சேன்."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வசந்தி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அது ஆறிப்போகும்வரை அவர் திரும்பவில்லை. பிறகு சுவரைப் பார்த்தபடியே சொன்னார்:

"மூணு தடவ வந்து பழம் உரிச்சுக் குடுத்தியே. அப்ப சொல்லியிருக்கணும். ஊரெல்லாம் கேக்க டீவியில சொன்ன, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லலையே. என் கதைய நீ என்னைக் கேட்டா அழுத?"

ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துத் தூர வைத்தேன்.

"ஆஸ்பத்திரித் துண்டுலயும் குடிகாரன்னு எழுதச் சொல்லிக் குடுத்திருக்காங்க. இவ வேல செய்ற எடத்துலயும் அதத்தான் பேசுறாங்க. குடிச்சிட்டு விழுந்தவன் மக. இடுப்பு போனது போயிருச்சு. அந்தப் பேச்சு போகணும்." இப்போது திரும்பினார். "இவ முறைப்பாடு குடுத்திருக்கா. அழுதத அந்தக் கந்தோர்லயும் வந்து சொல்லுவியா? அழாம சொல்லணும்."

"சொல்லுவேண்ணே."

விசாரணை நடந்த இடத்தின் பெயர் வேண்டாம். ஒரு அதிகாரி, பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர். ஒருபக்கம் டிரெக்டரும் மேனேஜரும், மறுபக்கம் கைத்தடியோடு அண்ணன், வசந்தி, நான். ரஸீன் ஹாஜியார் கொடுத்த பதிவைப் போட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் வரி வரியாக நிறுத்தி, சந்தைக்கணக்கு வாசிப்பதுபோல ஒரு ஏற்ற இறக்கமும் இல்லாமல் சிங்களத்தில் சொன்னார். "கருப்பட்டி கடித்த வாய் கேட்டுக்கொண்டு நின்றது." டிரெக்டர் குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி என்னுடைய கையெழுத்துள்ள கடுதாசியைத் தூக்கிக் காட்டினார். "இதிலும் நீங்கள்தான், அதிலும் நீங்கள்தான். எது உண்மை?"

"சேர், நான் வக்கீல் கந்தோரில் வேலை செய்தவள். பொய் வாக்குமூலத்துக்கு என்ன தண்டனை என்று எனக்குத் தெரியும்" என்றேன் சிங்களத்தில். உடைக்காத சிங்களத்தில். "அந்தக் கடுதாசி பொய். தெரிந்துதான் கையெழுத்து வைத்தேன். எனக்கு ஒரு நல்ல பாத்திரம் தருவதாகச் சொன்னார்கள், ஆசைப்பட்டேன். என்மேல் வழக்குப் போடுவதானால் போடுங்கள். இவர் அன்றைக்குக் குடிக்கவில்லை."

பிறகு கைக்குட்டையையும் கையையும் பற்றி, இங்கே எழுதியபடியே சொன்னேன். கயிறு இழுத்த நாலு பேரில் ஒருவர், பிலிமத்தலாவையில் மரம் அறுக்கும் மரக்காலையில் வேலை செய்கிற சிங்களவர், எழுந்து, "இந்த அம்மா சொல்வது சரி. கைக்குட்டை இல்லை என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை" என்றார். அவரும் கையெழுத்து வைத்தவர்தான்.

வெளியே வராந்தாவில் டிரெக்டர் என்னிடம் வந்தார். அதே மெதுவான குரல்.

"நங்கி, இவ்வளவு இருந்திருந்தால் என்னிடம் சிங்களத்தில் சொல்லியிருக்கலாமே. ஏன் தமிழில் ஒளித்து வைத்தீர்கள்?"

இருபத்தெட்டு வருடக் கோபம் எனக்கு இருந்தது. ஆனாலும் நான் கத்தவில்லை. அவரிடம் கற்றுக்கொண்ட குரலிலேயே சொன்னேன்.

"சேர், அன்று காலை உத்தரம் உளுத்துவிட்டது என்று சிங்களத்தில்தான் சொன்னோம். கூரை விழுந்தபோது நிறுத்துங்கள் என்று சிங்களத்தில்தான் கத்தினேன். அதை நீங்கள்தான் அழித்தீர்கள்."

அவர் படியிறங்கிப் போய்விட்டார். அதன் பிறகு நாங்கள் சந்திக்கவில்லை.

மேட்ரன் பாத்திரத்தை யார் நடித்தார்களோ தெரியாது. எனக்கு நாலு வருடம் ஒரு போனும் வரவில்லை. மறுபடி டைப் அடிக்கப் போனேன். பிறகு ஒன்றிரண்டு சின்ன வேடங்கள் வந்தன. எல்லோரிடமும் ஒரே வார்த்தைதான் சொன்னேன்: தமிழ் வசனம் இருந்தால் எழுதிக் கொடுங்கள், எதையாவது சொல்ல மாட்டேன். பாதிப்பேர் போனை வைத்துவிட்டார்கள். வைக்கட்டும். இரண்டு பேர் எழுதி அனுப்பினார்கள், அந்த இரண்டையும் நடித்தேன். அதோடு என் தொழில் முடிந்தது.

விசாரணை முடிவு ஐந்து மாதம் கழித்துத் தபாலில் வந்தது. வசந்தி சிங்களம் பேசுவாள், வாசிக்க மாட்டாள். என்னைக் கூப்பிட்டாள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணனுக்குத் தமிழில் வாசித்துச் சொன்னேன். தயாரிப்புப் பக்கத்தின் கவனக்குறைவு. மது அருந்தியிருந்தார் என்ற கூற்றுக்கு ஆதாரமில்லை, அது பதிவிலிருந்து நீக்கப்படுகிறது. நட்டஈடும் இருந்தது, அது அவர்கள் வீட்டு விசயம்.

"அந்தக் குடிச்ச வரிய இன்னொருக்கா வாசி" என்றார். வாசித்தேன். இன்னொரு தடவையும் வாசித்தேன். வசந்தி சுவரில் சாய்ந்து நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பேரு சரியா போட்டிருக்காங்களா?"

மேலே பார்த்தேன். "செல்லையா" என்றிருந்தது. பெயரெழுதுகிறவர் எந்தக் கிழவராக நினைத்து எழுதினாரோ.

"செல்லையான்னு போட்டிருக்குண்ணே."

"அப்ப குடிக்காதவன் செல்லையாதானே" என்றார் அண்ணன். "செல்லமுத்து?"

மறுநாள் காலை எட்டரைக்கு அந்தக் கடுதாசியோடு கந்தோருக்குப் போனேன். கிளார்க் வாங்கிப் பார்த்தார். சின்னப் பிழைதானே, விசாரணை நம்பர் சரியாக இருக்கிறது, இது போதும் என்றார். போதாது என்றேன். அப்படியானால் விண்ணப்பம் எழுதித் தாருங்கள், இரண்டு வாரத்தில் தபாலில் அனுப்புகிறோம் என்றார். இன்றைக்கு வேண்டும் என்றேன். அதிகாரி கூட்டத்தில் இருக்கிறார், கையெழுத்து வாங்க முடியாது என்றார். கூட்டம் முடியட்டும் என்று சொல்லி, அவருடைய மேசைக்கு முன்னால் கிடந்த கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். பெயரை ஒரு துண்டில் பெரிய எழுத்தில் சிங்களத்திலும் தமிழிலும் எழுதி அவருக்கு முன்னால் வைத்தேன். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள், வந்தார்கள். கதிரையை விட்டு நான் எழும்பவில்லை. பின்னேரம் மூன்றே முக்காலுக்குப் புதுக் கடுதாசி அடித்து வந்தது. உட்கார்ந்த இடத்திலேயே முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, ஒவ்வொரு எழுத்தாக வாசித்துப் பார்த்துத்தான் வாங்கிக்கொண்டேன்.